குகைக்குள் ஒரு 'வாங்க'

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். அம்மா சொல்லிவிட்டாளே என்று நான் சும்மா இருந்துவிட முடியாது. தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் எட்டிப்பார்த்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், "அந்த வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கி வாய் தொறந்து ஒரு வாங்க வரல" என்று எங்கள் ஊர் கோட்டையூர் முழுக்கப் பேசுவார்கள்.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன். அந்த டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட்டும் வரும். மத்தியானம் வகுப்பு கிடையாது. முதலாளி சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார். சாவி என்னிடம். அந்த நேரத்தில்தான் அண்ணனோடு விளையாடுவேன்.

அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். கத்தோலிக்கக் குருமடத்தில் சாமியாராகப் படிக்கப் போனவன், நாலு வருஷத்துக்கு முன்னால் பாதியில் வேண்டாமென்று பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். அப்பா பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் அழுதாள். நான் நிலைப்படிக்குப் பக்கத்திலேயே நின்றேன். 'வாங்க' தொண்டை வரை வந்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பேச்சே கிடையாது.

அவன் நண்பனிடம் முகவரி வாங்கி நான் மெயில் போட்டேன். 'பேசணும்னா இங்க வா' என்று ஒரு இன்டர்நெட் விளையாட்டின் பெயர் மட்டும் பதிலாக வந்தது. பிறகு எத்தனை மெயில் போட்டும் பதில் இல்லை. நேராகப் பேச அவனுக்கு வராது. ஆனால் விளையாட்டில் ஓநாயை வெட்டிக்கொண்டே இருந்தால், "அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று நடுவில் கேட்பான்.

அந்த விளையாட்டில் படமே கிடையாது. எல்லாம் எழுத்து; நடப்பதும் வெட்டுவதும் பேசுவதும் டைப் அடித்துத்தான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருவார்கள். விளையாட்டுக்குள் நமக்காக நடமாடும் ஆள் செத்தால் செத்ததுதான், பெயரைக்கூட அழித்துவிடுவார்கள். "இவன் செத்தா நான் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தான். சொன்னால் சொன்னதுதான், அப்பாவின் மகனல்லவா! அவன் ஆள் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் எனக்கு அண்ணன்.

இந்தப் பயத்தில்தான் நான் துணை நிரல்கள் எழுத ஆரம்பித்தேன். திரையில் இன்ன வரி வந்தால் இன்னதைச் செய் என்று நம் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைப்பது. அங்கே எல்லாரும் அப்படி எழுதி மாற்றிக்கொள்வார்கள். உயிர் குறைந்தால் சிவப்பாகக் காட்ட ஒன்று எழுதினேன். இன்னும் குறைந்தால் தானாகவே மருந்து குடிக்க ஒன்று. விளையாட்டிலிருந்து வெளியே வந்ததும் டெலிபோன் லைனைத் துண்டிக்க ஒன்று, முதலாளிக்குப் போன் வர வேண்டுமே. கடைசியாக, யாராவது நாம் இருக்கும் இடத்துக்குள் வந்தால் 'வாங்க' சொல்ல ஒன்று. இங்கிலீஷ் எழுத்தில் vaanga. வெள்ளைக்காரன்கள் அதென்ன மந்திரம் என்று கேட்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அண்ணன் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அன்றைக்கு ஒருவன் எங்களைத் துரத்தினான். ஆள் கொல்வதையே தொழிலாக வைத்திருந்தவன். அண்ணனின் ஆளுக்கு உயிர் போகிற காயம். இரண்டு பேரும் ஒரு குகைக்குள் போய் ஒளிந்தோம். ஒளிந்திருப்பவர் அசையாமல், பேசாமல் இருந்தால் உள்ளே வருகிறவனுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தால் காயம் ஆறிவிடும். அண்ணனுக்கு ஆபீசில் மீட்டிங். "நீ எதையும் தொடாத, அப்படியே இரு" என்று எழுதிவிட்டுப் போனான். எனக்கும் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஒன்றரை மணிக்குச் செபம் சொல்லி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். பிந்தினால் ஏன், எங்கே என்று குடைவார். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் ஒரு அம்மா பஸ்ஸில் ஏறினார். எனக்கு முன் சீட்டிலிருந்தவர், "வாங்க வாங்க, இங்குட்டு உக்காருங்க" என்றார்.

ஐயோ, அந்த 'வாங்க' நிரலை நிறுத்தவே இல்லையே!

அடுத்த ஸ்டாப்பில் குதித்தேன். பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத். சென்டர் நம்பரைச் சுழற்றினேன். எங்கேஜ். எங்கேஜ் என்றால் லைன் உயிரோடு இருக்கிறது. லைன் உயிரோடு இருந்தால் என் ஆள் குகைக்குள் வாயைத் திறக்கத் தயாராக நிற்கிறது. தினமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து உயிரை வாங்கும் பாழாய்ப்போன லைன், அன்றைக்கென்று கல்லுக்குண்டாட்டம் இருந்தது. அது அறுந்தால் என் ஆள் ஊமையாகிவிடும். மாதாவே, லைனை அறுத்துவிடு என்று வேண்டிக்கொண்டு மறுபடி சுழற்றினேன். எங்கேஜ்.

"பிள்ள, யாருக்கும் உடம்புக்கு முடியலையா?" என்று பூத்துக்காரர் கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு" என்றேன். அது பொய் மாதிரியே தோன்றவில்லை.

திரும்பிப் போக எதிர்ப்பக்கத்து பஸ்ஸைக் காணோம். நாலாவது தடவை சுழற்றினேன். மணி அடித்தது. ஆளில்லாத மாடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாடா! லைன் அறுந்துவிட்டது. பூத்துக்காரரைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

வீட்டுக்குப் போய் அயிரை மீன் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "இன்னைக்கி என்ன, மூஞ்சி இம்புட்டுத் தெளிவா இருக்கு?" என்று அப்பாவே கேட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். துரத்தியவன் குகைக்குள் வந்திருக்கிறான். என் ஆள் 'வாங்க' என்றிருக்கிறது. காயம்பட்டுக் கிடந்த அண்ணனை முதலில் தேடி வெட்டிவிட்டு, பிறகு என்னையும் வெட்டியிருக்கிறான். செத்தவரை விளையாட்டு வெளியே தள்ளும். வெளியே வந்ததும் லைனைத் துண்டித்தது நான் எழுதிவைத்த நிரல். நான் சிரித்த நேரத்தில் அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டு மூன்று மெயில் போட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது.

'எல்லாத்தையும் படிச்சேன். ஆள் போனது பரவாயில்ல. கொல்ல வந்தவனுக்கே வாங்க சொல்லியிருக்க. நான் பெட்டியோட வந்து நின்னப்ப நீகூடச் சொல்லலையே பிள்ள.' கீழே ஒரு டெலிபோன் நம்பர்.

அதே பூத்துக்குப் போனேன். இரண்டு தடவை தப்பாகச் சுழற்றினேன். "ஹலோ" என்றான். நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது.

"வாங்கண்ணே" என்றேன்.

மாதாவே, இந்தத் தடவை லைனை அறுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"எங்குட்டு வரச் சொல்ற?" என்றான்.

"நம்ம வீட்டுக்குத்தான்."

அப்பாவிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.