மாட்டுச்சந்தையில் எங்களுக்கு ஒதுக்கிய இடம்

ஆளுங்கட்சியின் மாநில மாநாடு புதுக்கோட்டையில் நடந்தபோது, கல்குவாரியை மூடச் சொல்லிக் கறுப்புக்கொடி காட்டுவது என்று எங்கள் ஊரில் முடிவெடுத்தோம். குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் வீட்டுச் சுவர் விரிசல் விடும். ஒரு நாள் கல் பறந்து வந்து என் அடுப்படிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது. சோற்றை வடித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன்.

அமைச்சர்கள் வரும் சாலையோரம் நிற்க அனுமதி கேட்டோம். இன்ஸ்பெக்டர் எங்களை டவுனுக்கு வெளியே மாட்டுச்சந்தைத் திடலில் கொண்டுபோய் விட்டார். அன்று சந்தை கிடையாது. மாடு கட்டும் முளைக்குச்சிகளும் காய்ந்த சாணியும்தான். சுற்றிலும் சவுக்குக் கட்டை கட்டியிருந்தார்கள்.

"இதாம்மா ஒங்க எடம். எவ்வளவு வேணும்னாலும் கோஷம் போட்டுக்கங்க."

"இங்கிட்டு யாரு சார் வருவா? முளைக்குச்சிக்கிட்டயா சொல்லணும்?"

"எடம் குடுத்தாச்சு. வேற என்ன வேணும்?"

அவர் வேன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார். அந்தத் தம்ளரைத் தட்டிவிட எனக்குக் கை பரபரத்தது.

மாநாட்டின் குழாய் ஒலிபெருக்கிகளை அந்தத் திடல் வரைக்கும் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு மைக் வைக்க அனுமதி இல்லை. ஏழைகளின் குரலைக் கேட்கும் ஆட்சி என்று யாரோ முழங்கியதும் பெண்கள் எழுந்துவிட்டோம். கட்டையைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தோம். கொஞ்ச தூரத்திலேயே மடக்கி, வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் அடைத்தார்கள்.

கீழே, மாநாட்டுக்கு வந்தவர்களுக்குப் பிரியாணிப் பந்தி. எட்டிப் பார்த்தேன். கட்சித் துண்டோடு என் கூடப்பிறந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஊரில் எனக்கு அடுத்த வீடு. அவர் வீட்டுச் சுவரிலும் வெடிப்பு உண்டு.

என்னைக் கண்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே வந்தார்.

"ஒனக்கு எதுக்கு இந்த வேல? தலைவர் வந்துருக்குற நேரத்துல என் மானத்த வாங்குற."

"அந்தக் கல்லு என் தலையில விழுந்துருந்தா, இந்தத் துண்டத்தான் எடுத்துப் போத்தியிருப்பியா?"

அதுவரை அண்ணனை நான் ஒருமையில் பேசியதில்லை.

"மன்னிப்பு கேட்டுட்டு வா. நான் சொன்னா விட்டுருவாங்க."

"எலை காயுது. போய்த் தின்னு."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அண்ணன் முகம் கறுத்து இறங்கிப் போனார். மிஞ்சிய பிரியாணியை மாலையில் மாடிக்கு அனுப்பினார்கள். பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை.

தலைவர்களின் கார்கள் திருச்சி சாலையைத் தாண்டிய பிறகுதான் எங்களை விட்டார்கள். வழக்கும் போட்டார்கள், இன்றுவரை வாய்தாவுக்குப் போய் வருகிறோம். குவாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அண்ணி மட்டும் வந்து அழைத்தார். வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.