தெர்மாமீட்டரும் வைஃபை பெட்டியும்

ஐஸ் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் கம்ப்ரசர் ஓட்டியவருக்கு அங்கே வைத்த பெயர் தெர்மாமீட்டர். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு, "இன்னும் கால் மணி தாங்கும்" என்பார். தாங்கும். அவர் பார்வையில் ஒரு மோட்டார்கூடக் கருகியதில்லை. ஓய்வு பெற்றபிறகும் கை சும்மா இருக்கவில்லை. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மனைவியின் நெற்றி என்று எதைக் கடந்து போனாலும் ஒரு தொடுதல்.

இப்போது வேலைக்குப் போவது மனைவி. போவது என்றால் உள்ளறைக்கு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யார் யாரோ வாங்கிய வாஷிங் மெஷின்களின் குறைகளைக் கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த முதல் வேலை. தற்காலிகமாகக் கொடுத்த ஆறு மாதம் முடியப்போகிறது. ஆனால் பேச்சின் நடுவே இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நிரந்தரம் கிடையாது.

திங்களன்று நெட்காரர் வந்தார். வைஃபை பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், இதென்ன நகையா, பீரோ பக்கத்துல பத்திரமா வைக்க? இரும்பைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்?"

பெட்டி கூடத்துக்கு, தெர்மாமீட்டரின் நாற்காலிக்கு எட்டும் தூரத்தில் இருந்த அலமாரித் தட்டுக்கு வந்தது. அன்று மாலைவரை இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. அவர் திருப்தியாகப் பெட்டியின் மேல் கை வைத்தார். சுட்டது.

ராத்திரி பகலாக ஓடினால் எந்த மெஷின்தான் மக்கர் பண்ணாது? மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கும் தலைவலியே போதும். மறுநாளிலிருந்து உள்ளறைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். அவள் குரல் கேட்டால் தொடமாட்டார். சத்தம் இல்லையென்றால், அடுத்த அழைப்பு வருவதற்குள் என்று சுவிட்சை அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் போடுவார்.

அவள் குரல் கேட்காத நேரத்தில்தான் எதிர்முனையில் இருப்பவர் பேசுகிறார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"முன்னைவிட மோசமா போச்சுங்க," என்று செவ்வாய் மாலை அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். "ஒரு அம்மா அரை மணி நேரமா புலம்பிட்டிருந்தாங்க. முடிக்கிற நேரம் பாத்து கட். நான்தான் வேணும்னே வச்சிட்டேன்னு திரும்பக் கூப்பிட்டுத் திட்டுறாங்க."

"அந்த நெட்காரன் சரியா பாக்கல," என்றார் அவர், மனதாரக் கோபப்பட்டு. புதன்கிழமை பெட்டிக்கு இன்னும் சில முறை கூடுதலாக ஓய்வு கொடுத்தார்.

வியாழன் காலை நெட்காரர் மறுபடி வந்தார். கேபிளை மாற்றினார். பிறகு தன் போனில் பெட்டியின் பதிவுகளைத் திறந்து பார்த்தார். புருவம் மேலேறியது.

"அக்கா, நேத்து மட்டும் ஒன்பது தடவை அணைஞ்சிருக்கு. லைன்ல கோளாறே இல்ல. யாரோ சுவிட்சை அணைக்கிறாங்க. வீட்டுல சின்னப் பசங்க யாராவது..."

"பசங்களா? நாங்க ரெண்டு பேரு மட்டும்தானே..." அவள் பாதியில் நிறுத்தித் திரும்பினாள்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான். சூடா இருந்துச்சு. நீ பேசாத நேரமா பாத்துத்தான்..."

"நான் பேசாத நேரம்னா, கேக்குற நேரங்க!"

நெட்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். "சார், இது சூடாத்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது."

"விக்கிறவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்."

அதன்பிறகு அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

வெள்ளி. பத்து மணிக்குக் கை வைத்தார்; சூடு. பதினொன்றுக்கு இன்னும் சூடு. உள்ளே சத்தமே இல்லை. கை தன்பாட்டுக்கு சுவிட்ச் பக்கம் போனது. வீட்டில் இருந்தால் கதை கந்தலாகிவிடும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"என்ன சார், வெயில்ல நாலாவது ரவுண்டு?" சலூன்காரர் கடைக்குள்ளிருந்தே கேட்டார். "வீட்டுல துரத்திட்டாங்களா?"

"இல்ல, நானே என்னைத் துரத்திட்டு வந்துட்டேன்."

அவள் வேலை முடிகிற மூன்று மணிக்குத்தான் திரும்பினார். கதவைத் திறந்தவள் முகத்தை அவரால் படிக்க முடியவில்லை.

"ஒரு தடவைகூட அறுந்து போகல," என்றாள். "அடுத்த மாசத்துலேர்ந்து நிரந்தரம்னு சொல்லிட்டாங்க."

அவர் நாற்காலியில் சரிந்தார். மூச்சு சீரானதும் மெல்லக் கேட்டார்: "கருகின வாசனை ஏதாவது வந்துச்சா?"

நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளிடமிருந்து பீறிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தினமும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை எனக்குச் சாப்பாட்டு நேரம். அந்த அரை மணி அது உங்க மெஷின். அணைங்க, விசிறி விடுங்க, தாலாட்டு பாடுங்க. ஆனா ஒண்ணரைக்கு மேல ஒரு நிமிஷம் தாண்டிச்சுன்னா..."

"தாண்டாது," என்றார் அவர், நிமிர்ந்து உட்கார்ந்து. "நான் எந்த மெஷினையும் லேட்டா ஸ்டார்ட் பண்ணினதில்ல."