கம்ப்ரசர் விற்றவனின் வயிற்றுக் கலக்கம்

காற்றை டேங்குக்குள் அடைப்பது சுலபம். வாங்கிப் போனவர் அதை வீட்டில் என்ன பாடு படுத்துகிறாரோ என்று நினைக்காமல் சாப்பிட உட்காருவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். தர்மபுரியில் ஒரு டூல்ஸ் கடையில் பதினொரு வருஷமாகக் கம்ப்ரசர் விற்கிறேன். முன்பெல்லாம் பஞ்சர் கடைக்காரர்கள்தான் வாங்குவார்கள். இப்போது வீட்டை ஒட்டி ஷீட் போட்டு, சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் வைக்கிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். காற்று நிறைந்த டேங்க் வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் விற்ற ஒன்று யார் வீட்டிலாவது வெடித்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை. கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பழகியவர்களே, இதையெல்லாம் உங்களிடம்தான் சொல்லி ஆற முடியும்.

எத்தனை அடி இழுக்கும்?

நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வீட்டில் இரண்டு பைக், ஒரு கார், ஒரு டிராக்டர் இருக்கிறதாம். டயருக்குக் காற்று அடிக்கவும் தூசு ஊதவும் ஒரு கம்ப்ரசர் வேண்டும் என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. டயருக்கு மட்டும் என்றால் சின்ன டேங்க் போதும், பெயின்ட் அடிப்பதென்றால் ஐம்பது லிட்டராவது வேண்டும், டேங்கை மட்டும் பார்க்காமல் நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்று பாருங்கள், வீட்டு லைனுக்கு ரெண்டு ஹெச்.பி. தாண்டாதீர்கள், அரை மணி ஓடினால் ஆறவிடுங்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "எத்தன அடி இழுக்குமுங்க?" என்றார்.

காற்றைக் குழாய் வழியாகப் போர்வெல்லுக்குள் விட்டுத் தண்ணீரை மேலே தள்ளுகிற பெரிய கம்ப்ரசர் நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. அவர் மனசில் இருந்தது அதுதான். அவருடைய போர் எண்ணூறு அடி. இந்தக் குட்டி மிஷினை அதில் மாட்டி நிறுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே எனக்குப் பகீரென்றது. அதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: "டயருக்கு அடிச்சது போக மீதிக் காத்து சும்மாதானுங்க கெடக்கும், அத போர்ல வுட்டா உங்களுக்கு என்னாங்க நட்டம்?"

சந்தனப் பொட்டு

அரூரில் ஒரு தச்சர், வீட்டு ஷெட்டிலேயே வேலை செய்கிறவர். மிஷின் இறக்கிய மறுநாள் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, திருஷ்டிக் கயிறு கட்டி அமர்க்களமாகப் பூஜை நடந்திருந்தது. பிரஷர் மீட்டரின் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். முள் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியை எடுத்துத் துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பூஜ போட்டு ஒரு நாள்கூட ஆவல, பொட்ட அழிச்சா வெளங்குமாங்க? முள்ளு எங்க போயிடப் போவுது, உள்ளதான இருக்கும்!"

டேங்க் தண்ணீர்

காற்றில் இருக்கிற ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் தகடு உள்ளேயே துருப்பிடித்து மெலிந்துபோகும். வீட்டில் பழைய மேஜை நாற்காலிகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் ஓர் அம்மா இரண்டு வருஷமாக அந்தத் திருகைத் தொடவே இல்லை. ஒரு நாள் சர்வீஸுக்குப் போனபோது நான் திறந்தேன். செம்மண் நிறத்தில் அரை பக்கெட் தண்ணீர் கொட்டியது. இந்த டேங்கோடா இவ்வளவு நாள் ஒரே அறையில் இருந்தீர்கள் என்று பதறினேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, பக்கெட்டைத்தான் பார்த்தார். "வாரா வாரம் தண்ணி லாரிக்கு போன் போட்டுக்கிட்டுக் கெடக்கறோம், இது இவ்ளோத்தையும் உள்ள வெச்சிக்கிட்டு கம்முனு இருந்துச்சா சார்?"

நின்றுபோன சத்தம்

பென்னாகரம் பக்கத்தில் முருகேசன் என்று ஒருவர் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் பைக் ரிப்பேர் செய்கிறார். என்னிடம் கம்ப்ரசர் வாங்கி எட்டு மாசம் இருக்கும். ஒரு மத்தியானம் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். டேங்க் மேலே வளையம் வைத்த சின்னப் பித்தளைச் சாமானிலிருந்து நாலு நாளாகப் புஸ்ஸென்று காற்று போகிறதாம். அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்க மாட்டேனென்கிறதாம். அதனால் அதைக் கழற்றிவிட்டு, தண்ணீர்ப் பைப்புக்குப் போடும் பிளக்கை டேப் சுற்றி இறுக்கிவிட்டாராம். "இப்ப ஒரு பொட்டு காத்து வெளிய போவலண்ணா. மத்தவங்களுக்கும் இப்டியே மாட்டிக் குடுங்க" என்றார்.

அந்தச் சின்னச் சாமான்தான் சேஃப்டி வால்வு. டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டிய சுவிட்ச் கெட்டுப்போனால், மிஞ்சிய காற்றை வெளியே விட்டு டேங்கைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். நாலு நாளாக அது அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. "கொழந்த எங்க?" என்றேன். "இங்கதாண்ணா, ஷெட்லயே தூளி கட்டியிருக்குது" என்றார். பின்னால் மோட்டார் திணறித் திணறி ஓடுவது போனிலேயே கேட்டது. "கொழந்தையத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க, மெயின ஆஃப் பண்ணுங்க, யாரும் கிட்டப் போவாதீங்க!" என்று கத்தினேன். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பைக்கில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. முருகேசனும் அவர் மனைவி செல்வியும் ரோட்டோரம் புளிய மரத்தடியில் நின்றிருந்தார்கள். குழந்தை செல்வியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. தூளி அதிலிருந்து இரண்டு முழம்கூட இல்லை. ஹோஸின் நுனியைச் சுவருக்கு வெளியே இழுத்துக் காற்றைத் திறந்துவிட்டேன். சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் ரோட்டுக்குத் திரும்பினேன்.

வந்த பயமெல்லாம் கோபமாகிவிட்டது. "இவ்ளோ முக்கியமானத யாராச்சும் கழட்டுவாங்களா?" என்று முருகேசனிடம் எகிறினேன். செல்விதான் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "வாங்க வந்தப்ப நானுந்தாண்ணா கூட வந்தேன். லிட்டரு சொன்னீங்க, ஹெச்.பி. சொன்னீங்க, கலருகூட ரெண்டு இருக்குதுன்னு சொன்னீங்க. எம்புள்ள உசுரு இந்த வளையத்துல இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்த வளையத்தை இழுத்துப் புஸ்ஸென்று காட்டிவிட்டுத்தான் விலையே சொல்கிறேன். பாதிப் பேர், லீக் இல்லாத பீஸ் இருந்தால் காட்டச் சொல்கிறார்கள்.