முன்னாள் எம்.பி. ஓட்டும் பேருந்து

கடற்கரைச் சாலை வளைவில் பேருந்தைத் திருப்பிக்கொண்டே ஹெட்லி கார்த்வெயிட் தலையாட்டுகிறார். பின்னால் கம்பியைப் பிடித்து நிற்கும் ஆட்ரி கிழவி, தன் வீட்டுக் கூரை ஒழுகும் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்ற பலகை அவள் தலைக்கு மேலேயே இருக்கிறது.

“ஏம்ப்பா எம்.பி., கவுன்சில்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நான் இப்ப வெறும் டிரைவர், ஆட்ரிம்மா.”

வாய்தான் அப்படிச் சொல்லும். மதியம் தேநீரோடு உட்கார்ந்து கவுன்சிலுக்குப் போன் போடுவதும் அவரேதான்.

ஸ்கெல்பி ஊரார் இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும்தான் பதவி. பேச வாய்ப்புக் கேட்டு நாடாளுமன்றத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்ததைச் சொல்லிச் சிரிப்பார். “பேசுனதவிட எந்திரிச்சதுதான் ஜாஸ்தி. முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம்!”

பேசிய ஒரே பேச்சு, சிற்றூர் மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுகளை மூடும் மசோதாவை எதிர்த்து. கொண்டுவந்தது அவருடைய கட்சியே. கொறடா நடைவழியில் மறித்தார்.

“எதிர்த்து ஓட்டுப் போட்டா அடுத்த தடவை உங்களுக்குச் சீட்டு இல்ல.”

“எம் புள்ளைங்க ரெண்டும் ஸ்கெல்பி ஆஸ்பத்திரியிலதாங்க பொறந்துச்சு.”

எதிர்த்தே வாக்களித்தார். மசோதா நிறைவேறியது, ஊரின் பிரசவப் பிரிவும் போயிற்று, சீட்டும் போயிற்று. சுயேச்சையாக நின்று ரொவேனா லிஸ்டரிடம் தோற்றார். கையோடு பழைய ஓட்டுநர் சீருடையை மாட்டிக்கொண்டார்.

“மாண்புமிகு உறுப்பினரே, ஒரு டிக்கெட்!” என்று இன்றும் சீண்டுவார்கள். அவருக்குக் கோபம் வராது. அந்த அழைப்பு அவருக்கு உள்ளூரப் பிடிக்கும் என்பது மனைவி மாவிஸுக்கு மட்டுமே தெரியும்.

போன வாரம் நல்ல மழை. கார் பழுதாகி, ரொவேனா லிஸ்டர் பேருந்தில் ஏறினார். பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. அவர் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஆட்ரி ஏறி, வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

“எம்.பி., நேத்து கட்டில் மேலயே சொட்டுச்சுப்பா…”

ஹெட்லி கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். “எம்.பி. பின்னாடி உக்காந்திருக்காங்க, ஆட்ரிம்மா. அவங்ககிட்ட சொல்லுங்க.”

“அந்தப் பொம்பளைகிட்டயா? உன்னத் தோக்கடிச்சவ!”

“ஊரு அவங்களத்தானே அனுப்பியிருக்கு. போங்க.”

கிழவி முணுமுணுத்தபடி நடந்தாள். ரொவேனா பக்கத்து இருக்கையிலிருந்த ஈரக்குடையை எடுத்துக் கீழே வைத்தார். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. ஆட்ரி உட்கார்ந்து வாயைத் திறக்கும்வரை ஹெட்லி பேருந்தை நகர்த்தவில்லை.