பூனைச் செடியும் என் தங்கை தலைமுடியும்

என் தங்கைக்கு முடி கொட்டியதில் என் உயிர்தான் போனது. காலையில் பால் காய்ச்சும்போது அவளிடமிருந்து ஒரு வீடியோ, சோறு வடிக்கும்போது ஒரு வீடியோ, ஆபீசில் தலையை நிமிர்த்தினால் இன்னொன்று. அவள் இருப்பது அரியலூரில், நான் இருப்பது பெரம்பலூரில். வேறு ஊரில் இருந்துகொண்டு ஒருத்தியை இப்படிப் படுத்த முடியும் என்று போன் வருவதற்கு முன்னால் யாருக்குத் தெரியும். சின்ன வெங்காயச் சாறு, வெந்தயம், செம்பருத்தி எல்லாம் தீர்ந்து, கடைசியாக வந்து சேர்ந்தது கேட்னிப்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி காய்ந்த இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி வைக்கிறாள். ஆறியதும் வடிகட்டித் தலையில் ஊற்றிக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசினால் சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பூனைகள் அந்தச் செடியைக் கண்டால் கிறுக்குப் பிடித்து உருளுமாம். பூனை உருளுவதற்கும் உன் தலைக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டேன்.

"அது முடிய வளக்காதுக்கா. இருக்கிறது சிக்காம இருக்கும். சிக்கெடுக்கும்போதுதான் கொத்துக் கொத்தா வருது."

நான்கு மாதத்துக்கு முன் அவளுக்குக் கடும் காய்ச்சல். பிழைத்து வந்ததே பெரிது. இரண்டு மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பித்தது. தானாக வளரும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். பொறுமைக்கு எங்கே நேரம்? மூன்று வாரத்தில் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. இவள் என்னவென்றால், "நீ முன்னால நின்னு செஞ்சுடுக்கா. நான் சமையக்கட்டு பக்கம் இருந்துக்கறேன்" என்கிறாள். பெற்றவள் ஒளிந்துகொண்டு பெரியம்மா நடத்துகிற சடங்கை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? பிள்ளை என்னிடம் தனியாகப் போன் செய்து, "அம்மா வரலன்னா எனக்கு இந்த ஃபங்ஷனே வேணாம் பெரியம்மா" என்று அழுதது. ஒரு சவுரி வாங்கி அனுப்பினேன். எவள் முடியோ என் தலையில் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள் மகராசி.

சரி, இந்தக் கேட்னிப்பையாவது தேடித் தொலைப்போம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குப் பெயர் புரியவில்லை. பூனை மயங்குகிற செடி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பூனைவணங்கிங்க அது. இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க? குப்பைமேனிம்மா. உங்க வூட்டுக் கொல்லையிலயே கெடக்கும், போய்ப் பாருங்க."

கிடந்தது. வாராவாரம் நான் பிடுங்கி எறிகிற அதே செடி. வெயிலில் குந்தி ஒரு கட்டு பறித்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் வந்தது.

"அக்கா, இது வேற. அது புதினா ஜாதி. இதப் போட்டு இருக்கிறதும் போயிட்டா?"

புதினா ஜாதி என்றால் புதினாவையே அரைத்துப் பூசித் தொலையேன் என்று கத்தினேன். கத்தி என்ன செய்ய. ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஐந்தாம் நாள் வந்த பாக்கெட்டின் மேல் பூனைப் படம். பூனைகளின் விளையாட்டுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. இறங்கும்போது என் தலையே நரைத்த மாதிரி இருந்தது. அவள் வீட்டு போர் தண்ணீரோ, பாத்திரத்தில் சுட வைத்தால் அடியில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர். அதில் குளித்தால் நல்ல முடியே தேங்காய் நாராகும். அதனால் குடிக்கிற கேன் தண்ணீரில் இலையைக் கொதிக்க வைத்தோம். வடிகட்டிய சக்கையைக் கொல்லையில் கொட்டியதுதான் தாமதம், பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை எங்கிருந்தோ வந்து அதில் முகத்தைத் தேய்த்தது, மல்லாந்தது, புரண்டது. "பாத்தியா, அசல்தான்" என்றாள் தங்கை. நான்கு மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பாத்ரூமில் முக்காலியில் உட்கார்ந்து துண்டை எடுத்தாள். நான் அதுவரை நேரில் பார்த்திருக்கவில்லை. வீடியோ காலில்கூட முந்தானையைப் போர்த்திக்கொண்டுதான் பேசுவாள். உச்சியில் வெள்ளையாகத் தோல் தெரிந்தது. இடுப்பைத் தாண்டிய பின்னல் இருந்த இடத்தில் என் சுண்டு விரல் தடிமனுக்கு ஒரு வால். இதற்காகவா இவளை இத்தனை நாள் போனில் திட்டினேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. இலைத் தண்ணீரை உச்சியிலிருந்து ஊற்றினேன். ஊறவிட்டு அலசி, நுனியிலிருந்து மெல்லச் சீவினேன். சும்மா சொல்லக் கூடாது, சிக்கு விட்டுக் கொடுத்தது. ஆனாலும் சீப்பில் கொஞ்சம் வந்தது. அதைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறியப் போனேன்.

"எறியாதக்கா. குடு."

எழுந்துபோய் அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே வாய்வரை முடி. ஒவ்வொரு நாள் கொட்டியதும் தனித்தனியாக விரலில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தாள்.

"ஏண்டி, உதுந்த முடிய வூட்ல சேத்து வைப்பாங்களா? அறிவு இருக்கா உனக்கு?"

"எனக்குத் தூக்கிப் போட மனசு வரலக்கா. இதுலயே ஒரு சவுரி கட்டித் தரச் சொல்லேன். என் முடின்னா வச்சுக்குவேன். அந்தச் சவுரியச் சேத்துப் பின்னுறதுக்குத்தான் தலையில இருக்கிறதக் காப்பாத்தப் பாக்குறேன். கட்டித் தந்துட்டா புள்ள பக்கத்துல நிக்கிறேன்."

எனக்கு அவளை நாலு சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இதை முதல் நாளே சொல்வதற்கென்ன? இரண்டுமே செய்யவில்லை. டப்பாவை வாங்கி மூடியை அழுத்தி மூடினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கைப்பையைக் காலடியில் போட்டுவிட்டு டப்பாவை மட்டும் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"முறுக்குங்களா? தங்கச்சி வூட்டு பலகாரமா?"

"ஆமாங்க," என்றேன். "தங்கச்சி குடுத்து விட்டா."