விரலில் நின்ற தூண்

கிணற்றுக் கயிற்றில் ரத்தம் இருந்தது. எனக்கு முன்னால் தண்ணீர் இறைத்தவளுக்குக் கையில் காயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். குடத்தை இடுப்பில் ஏற்றும்போதுதான் என் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்தேன். வலி இல்லை.

அப்போது எங்கள் பக்கம் திருவிதாங்கூரில் இருந்தது. ஊரில் பெருவியாதி என்பார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். மாத்திரை கிருமியைக் கொன்றது. ஆனால் அதற்குள் வலது கை விரல்கள் மடங்கிவிட்டன (நரம்பு செத்துப்போனால் விரல் வளைந்து நிற்கும், நிமிராது).

உங்களுக்கும் கை மரத்திருந்தால் இது உங்களுக்குத்தான். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். மெதுவாகவே சொல்கிறேன்.

பந்தியில் ஊருக்கே பரிமாறிய கை அது. அந்தக் கையால் ஒரு பிடிச் சோறு அள்ள முடியவில்லை. நர்ஸ் ஞானசெல்வம் ஊட்ட வந்தால் வாயை இறுக்கிக்கொள்வேன். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், ஊட்ட விடமாட்டேன்.

டாக்டரம்மா அறுவை செய்தார். நல்ல விரல் ஒன்றின் தசைநாரை (தசையை எலும்போடு கட்டும் கயிறு) பிரித்து மற்ற விரல்களில் தைத்தார். மாவுக்கட்டு பிரித்த பிறகு விரல்களுக்கு வேலை பழக்க வேண்டும் என்றார்.

ஞானசெல்வம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அயல்நாட்டுச் சபைக்காரர்கள் அனுப்பியது. உள்ளே வெட்டி ஒட்டும் அட்டை, மரத்துண்டுகள், குண்டூசி. மூடியில் வெள்ளைக் கட்டடமும் இரண்டு பெட்ரோல் பம்பும், பின்னால் ரயில் தண்டவாளமும் வரைந்திருந்தது.

"பெட்ரோல் பங்காக்கும் அக்கா. விளையாட்டுத் தீவண்டிக்கு உள்ளது."

"தீவண்டிக்குக் கரியில்லா போடுவாவ? பெட்ரோல் எதுக்கு?"

"வண்டிக்கு இல்ல. வண்டி போற வழியில இருக்க ஊருக்கு."

"வண்டி எங்க?"

"வரல்ல. பங்கு மட்டுந்தான் வந்திருக்கு."

அடுத்த கட்டிலில் மண்டைக்காட்டுத் தங்கம் சிரித்தாள். "நம்ம ஊருக்கே தீவண்டி வரல்ல. ஏட்டி, நீ பங்கைக் கட்டி வை, என்னைக்காவது வரும்."

பிள்ளை விளையாட்டு எனக்கு எதற்கு என்று திரும்பிப் படுத்தேன். மத்தியானம் ஞானசெல்வம் சோற்றுத் தட்டோடு வந்தாள். எழுந்து பெட்டியை இழுத்தேன்.

சுவர்கள் நின்றன. பம்புகள் ஒட்டின. கடைசியில் முகப்புக் கூரைக்குத் தீக்குச்சி கனத்தில் இரண்டு தூண்கள். தூணின் மேல்நுனியில் குண்டூசி செருகி, கூரையைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். தூண் ஆடாமல் நேராக நின்றது.

"பாத்தியா தங்கம்?" என்று கேட்டேன்.

தங்கம் சிரிக்கவில்லை. "ஏட்டி, கையப் பாரு."

தூண் கூரையில் நிற்கவில்லை. என் ஆள்காட்டி விரலில் நின்றது. ஊசி முழுவதும் சதைக்குள் போயிருந்தது. வெள்ளைச் சுவரில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

டாக்டரம்மா ஊசியைப் பிடுங்கினார். "விரல நிமித்தித் தந்தாச்சு. உணர்ச்சியத் திருப்பித் தர எனக்குத் தெரியாது. இனி கண்ணுதான் உனக்கு விரல். பாக்காமச் செய்தா ஒவ்வொண்ணாப் போகும். கேட்டியா?"

கேட்டேன். மறுநாள் இரண்டு தூண்களையும் எடுத்தேன். விரலைப் பார்த்தேன், தூணைப் பார்த்தேன், மறுபடி விரலைப் பார்த்தேன். கூரை நின்றது.

அதேபோலச் சோற்றைத் தொட்டேன். சூடா என்று ஆவியைப் பார்த்தேன். ஐந்து விரலும் கூடுவதைப் பார்த்தேன். சோறு வாய்க்கு வந்ததும் நாக்குக்குத் தெரிந்தது. ஞானசெல்வம் காலித் தட்டை எடுத்துப் போனாள்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று பெட்ரோல் பங்கு வார்டு ஜன்னலில் ரத்தக் கறையோடு இருந்தது. வேண்டுமா என்றாள் ஞானசெல்வம். வேண்டாம் என்றேன்.

எனக்கு வயதாகிவிட்டது. பத்து விரலும் இருக்கின்றன. அடுப்படி வேலை முடிந்ததும் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு அடி படுகிற நேரமும் வலிக்கிற நேரமும் ஒன்று. எனக்குப் பார்க்கிற நேரந்தான் அடி படுகிற நேரம். அதுவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.