கடல் தோண்டிய முதல் வரிசை

2006 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனேன். சுற்றிப்பார்க்க அல்ல. என்னோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் லூர்து, "எங்க கல்லறைத் தோட்டத்த கடலு அரிச்சிகினு கீது. எலும்பையெல்லாம் எட்த்து வேற எடத்துல பொதைக்கணும். ஆளு பத்தல மாமு, வர்றியா?" என்று கேட்டிருந்தான்.

திருவொற்றியூர் தேரடியில் காலை 5.40க்கு ஷேர் ஆட்டோ. நான்கு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். இடம் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்நேரத்துல அங்க இன்னா வேல?" என்றார்.

கல்லறைச் சுவர் சரிந்து அலைக்குள் கிடந்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளுக்கு நடுவே, ஒவ்வொரு அலைக்கும் ஏதோ 'டொக்' என்று தட்டியது.

குப்பத்து ஆட்கள் பதினொரு பேர் இருந்தார்கள். மீன் விற்கும் செல்வி அக்காதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கையில் ஒரு நோட்டு; கடலோர வரிசையில் இருந்த ஒன்பது பேரின் பெயர்கள் அதில். மண்வெட்டி இறங்குமுன் அவர் குழிக்குள் குனிந்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல மெதுவாகக் கூப்பிடுவார்: "அந்தோணி அண்ணே, எய்ந்துக்கோ. வூடு மாத்துறோம்."



எட்டு பேரை வெள்ளைத் துணியில் கட்டி மேட்டில் வைத்தோம். ஒன்பதாவது லூர்துவின் அப்பா. அக்கா கூப்பிட்டார், தோண்டினோம், முழு எலும்புக்கூடு வந்தது. லூர்து இடது கால் எலும்பை எடுத்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான்.

"நைனாவுக்கு இந்தக் கால்ல இரும்பு பிளேட்டு வெச்சிருந்தாங்கோ. இது அவரு இல்ல."

ஒன்பது குழிகளையும் தோண்டியாகிவிட்டது. இவர் நோட்டில் இல்லாதவர். "கடலு ஒன்ன எட்த்துகினு ஒன்ன குட்த்துகீது," என்றார் செல்வி அக்கா, சாதாரணமாக.

பத்தரைக்குத் தண்ணீர் ஏறும், அதற்குள் மேலே வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். லூர்து வரவில்லை. அப்பாவைத் தேடிப் பக்கவாட்டில் கையால் மண்ணைப் பறித்துக்கொண்டே போனான். திடீரெனக் கரை சரிந்து அவனை இடுப்புவரை மூடியது. அடுத்த அலை நெஞ்சில் அடித்தது. நானும் இரண்டு பேரும் அக்குளைப் பிடித்து இழுத்தோம். மணல் விட்டுக்கொடுக்கவே இல்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். அன்று எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாவது அலை மணலைக் கரைத்துவிட, வெளியே வந்தான்.

மேட்டுக்கு வந்து உடம்பிலிருந்த மணலைத் தட்டினான். பிறகு அந்தப் பெயரில்லாத மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

"இவர நாம பொதைப்போம். நைனாவ கடலு எங்க தள்ளிச்சோ, அங்க எவனாவது எட்த்துப் பொதைப்பான்."

புது இடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்தே போனோம். வழியில் வேறு யாரும் மூட்டையை வாங்கித் தோள் மாற்ற அவன் சம்மதிக்கவில்லை. ஒரு மணிக்கு எல்லோரையும் மூடியாயிற்று.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். ரப்பர் பூட்ஸ், கையுறை அவசியம். கேமரா வேண்டாம். இடுப்பில் கயிறு கட்டாமல் குழியில் இறங்காதீர்கள். எங்களிடம் கயிறு இல்லை. இரண்டாவது வரிசையில் இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஐப்பசிக்குள் கடல் அங்கே வந்துவிடும் என்கிறார் செல்வி அக்கா.